பாதி ரோடு நெல்லுக்கு

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரை ஒட்டிப் போகிற தார் ரோட்டில் சம்பா நெல்லைக் காயப் போட்டிருந்தோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். அறுப்புக்கு முந்தின வாரம் பிடித்த மழையில் எங்கள் நெல் இருபதைத் தாண்டிக் காட்டியது. ஊருக்கு இருப்பது ஒரே களம், அதில் இடம் கிடைக்க நாளாகும். அதனால் பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு வண்டிக்கு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடந்தார். அவருக்குப் பின்னால் நெல்லில் இரண்டு கோடு நீண்டுகொண்டே போனது. கடைசிவரை போய்த் திரும்பி, பக்கத்தில் அடுத்த இரண்டு கோடு. அடியில் கிடக்கிற ஈர நெல் மேலே வர இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சின்ன வயதிலிருந்து பார்க்கிற நடைதான். ஆனால் இந்த முறை பார்த்தபோது எனக்கு அமெரிக்காவின் கொலராடோ ஞாபகம் வந்துவிட்டது. பனிமலையில் ஸ்கீ என்கிற நீளப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு மேலே ஏறுகிறவர்கள் நடப்பதும் அச்சு அசலாக இதே நடை. காலைத் தூக்கினால் அரை மணியில் களைத்துவிடும். பலகையைப் பனியோடு ஒட்டினாற்போல முன்னால் தள்ள வேண்டும். பின்னால் இதே மாதிரி இரண்டு கோடு விழும்.

ஆறு வருடம் டென்வரில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு பனிக்காலம் எல்லோரையும் போல லிஃப்ட்டில், அதாவது கம்பியில் தொங்கிப் போகிற நாற்காலியில், ஏறிச் சறுக்கி இறங்கினேன். மூன்றாவது வருடம் ஏறுவதையும் காலாலேயே செய்ய ஆரம்பித்தேன். அங்கே அதை அப்ஹில் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். லிஃப்ட் ஓடுகிற மலையிலேயே, லிஃப்ட்டைத் தொடாமல், நடந்து ஏறுவது. ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அந்த மலைகளில் லிஃப்ட்காரர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் நடுவே இருந்த இழுபறியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எழுத வைத்தது அப்பாவின் கால்தான்.

பலகை கட்டிக்கொண்டு மேல்நோக்கி எப்படி நடக்க முடியும் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். பலகையின் அடியில் ஸ்கின் என்று ஒரு பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் சீல் என்கிற கடல் விலங்கின் தோலையே கட்டினார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஒருவகை ஆட்டு மயிரிலோ நைலானிலோ செய்கிறார்கள். நெல் தாளை அடியிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து அடிக்கு உருவினால் சுணை கையைக் கீறும். ஸ்கின்னும் அப்படித்தான். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் சரியப் பார்த்தால் மயிர் பனியைக் கவ்விக்கொள்ளும். ஏறும்போது குதிகால் பலகையிலிருந்து விடுபட்டு மேலெழும்பும், நுனிக்கால் மட்டும் மாட்டியிருக்கும். உச்சிக்குப் போனதும் ஸ்கின்னைச் சர்ரென்று உரித்துச் சுருட்டி சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

நடந்தும் ஏறலாம், விசையிலும் ஏறலாம் என்கிற மலை நமக்குப் புதிதில்லை. பழனிக்குப் போனால் அப்பாயி விஞ்ச்சில் வருவார், நாங்கள் 693 படியும் ஏறுவோம். அங்கே சண்டையே கிடையாது. விஞ்ச்சுக்குத் தனித் தண்டவாளம், நடப்பவருக்குத் தனிப் படி. இறங்கும்போதும் அப்படியே. பனிமலையில் ஏறும்போது ஒரு சிக்கலும் இல்லை, லிஃப்ட் பாட்டுக்குக் கம்பியில் தலைக்கு மேலே போய்விடும். சிக்கல் இறங்கும்போதுதான். லிஃப்ட்டில் போனவர் எந்தச் சரிவில் சறுக்கிக்கொண்டு வருகிறாரோ அதே சரிவில்தான் நடக்கிறவர் ஏறிக்கொண்டிருப்பார். என்னைப் போன்றவர் ஒரு மணி நேரத்தில் முந்நூறு மீட்டர் உயரம் ஏறினால் பெரிது. எதிரே வருபவர் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருவார். ஏறுகிறவன் அண்ணாந்து பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். நடுவில் ஒரு மேடு இருந்தால் இவனுக்கு அவரும் தெரியாது, அவருக்கு இவனும் தெரியாது.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த நடத்தை விதிகள் பத்து. அதில் ஏழாவது, நடந்து ஏறுகிறவரும் நடந்து இறங்குகிறவரும் சரிவின் ஓரத்திலேயே போக வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் பலகை கட்டி ஏறுகிறவர்களுக்கும் அதுதான் பழக்கம். ஓரமாகப் போ, வரிசையாகப் போ, குறுக்கே கடக்க வேண்டுமானால் மேலிருந்து வருபவருக்குத் தெரிகிற இடத்தில் ஒவ்வொருவராகக் கட. எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. எங்கள் ஊர் வரப்பில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் யார் சேற்றில் இறங்க வேண்டும்? கை வீசி வருகிறவர்தான். தலையில் நாற்றுக்கட்டு வைத்திருக்கிறவர் நின்று யோசிக்க முடியாது. அதே மாதிரி மலையில் சட்டென்று நிற்க முடியாதவர் இறங்குகிறவர். சுலபமாக நிற்க முடிந்தவன்தான் ஒதுங்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. அந்த மலை யாருடையது என்கிற கேள்வி இருக்கிறது.

மேற்கு அமெரிக்காவின் பெரிய பனிச்சறுக்கு மலைகளில் பல, அரசின் வன நிலத்தில் இருக்கின்றன. கம்பெனி லிஃப்ட் போட்டு நடத்துகிறது, நிலம் அதனுடையதில்லை. 1986-இல் வந்த சட்டத்தின்படி 40 வருடம்வரை அனுமதி வாங்கி, வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டுகிறது. அதனால் நடக்கிறவர்கள் கேட்கிறார்கள்: பொது நிலத்தில் நான் என் காலால் ஏறுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஜெர்மனியின் பவேரியாவில் இந்த உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மலையையும் காட்டையும் ஏரியையும் எல்லோரும் அனுபவிக்கலாம் என்கிறது 141-ஆம் பிரிவு. இதை முதலில் படித்தபோது சிலிர்த்துவிட்டது. நம் ஆற்றங்கரையும் மந்தைவெளியும் அப்படித்தானே இருந்தன.

சரி, அப்படி நடக்க ஆசைப்படுகிறவர் காட்டுக்குள் வேறு மலைக்குப் போக வேண்டியதுதானே, ஏன் லிஃப்ட் மலைக்கே வருகிறார்? நியாயமான கேள்வி. பதில், பனிச்சரிவு. கொலராடோவின் பனி ஏமாற்றும். பருவத்தின் ஆரம்பத்தில் விழுகிற மெல்லிய பனி, கடும் குளிரில் அடியில் சர்க்கரை மாதிரி உதிரியாக மாறிவிடும். அதன்மேல் கனமாகப் பனி விழுந்தால் மொத்தமும் அந்தச் சர்க்கரையின்மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். லிஃப்ட் மலைகளில் பேட்ரோல் என்கிற பாதுகாப்பு ஆட்கள் விடிவதற்குள் வெடி வைத்து, ஆபத்தான பனியை முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். வெளிக்காட்டில் அதைச் செய்ய ஆளில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கொலராடோவில் எல்லா லிஃப்ட்டையும் நிறுத்தச் சொல்லி ஆளுநர் உத்தரவிட்டபோது ஜனங்கள் ஸ்கின்னை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற ஆரம்பித்தார்கள். அதற்கு அடுத்த பனிக்காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பனிச்சரிவில் 37 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் கொலராடோவில். இதைப் பார்த்த பிறகு, லிஃப்ட் மலையின் ஒரு ஓரத்தை நடக்கிறவர்களுக்கு விடுவது வெறும் பெருந்தன்மை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

லிஃப்ட்டே இல்லாமல், பேட்ரோல் மட்டும் வைத்து நடக்கிறவர்களுக்கென்றே ஒரு மலையைக் கொலராடோவில் நடத்திப் பார்த்தார்கள். புளூபேர்ட் பேக்கன்ட்ரி என்று பெயர். 2020-இல் தொடங்கி 2023-இல் மூடிவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

இப்போது மறுபக்கம். பெரிய மலைகளில் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் 200 டாலரைத் தாண்டும். அவ்வளவு கொடுத்தவர் முதல் லிஃப்ட்டில் ஏறுவதே, கம்பெனி ஆட்கள் ராத்திரி முழுக்கச் சமன் செய்கிற வண்டியை ஓட்டிச் சீப்பால் வாரினாற்போல வைத்திருக்கிற பனியில் முதல் ஆளாக இறங்கத்தான். அந்தப் பனி இறுக அமைய நாலைந்து மணி நேரமாவது வேண்டும். அது இறுகுவதற்குள் நடக்கிறவர் நாலு பேர் ஏறி, அதன்மேலேயே சறுக்கி இறங்கினால் தடம் அப்படியே உறைந்து பள்ளமாகிவிடும். பரம்படித்து வைத்த நாற்றங்காலில் ஆடு இறங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த வண்டிக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும். இதை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பனி பொதுவில் விழுவது, அதில் இவர்களுக்கு என்ன பாத்தியதை என்று பேசிக்கொண்டு திரிந்தேன்.

புரியவைத்தது ஒரு டிசம்பர் விடியற்காலை. எந்த மலை என்று சொல்லப் போவதில்லை, தவறு முழுக்க என்னுடையது. ஐந்து மணிக்கு அடிவாரத்தில் காரை நிறுத்தினேன். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அங்கே விதி. நான் பார்க்கவில்லை. முந்தாநாள் ஏறிய பாதைதானே என்று கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகை ஒன்று விளக்கு மின்ன நின்றது. மூடல் என்று எழுதியிருந்தது. வண்டிச் சத்தமே கேட்கவில்லையே, அரை மணியில் மேலே போய்விடலாம் என்று அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

செங்குத்தான சரிவில் பனியைச் சமன் செய்கிற வண்டி தன் பலத்தில் மட்டும் நிற்காது. பத்து டன்னுக்கு மேல் எடை உள்ளது. மேலே ஒரு தூணிலோ மரத்திலோ இரும்பு வடத்தைக் கட்டி, அந்த வடத்தைச் சுருட்டியும் விட்டுமாக வண்டி ஏறி இறங்கும். வடம் விரல் தடிமன்தான் இருக்கும், நீளம் ஆயிரம் மீட்டர்வரை போகும். வண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வெளிச்சமும் தெரியாது, சத்தமும் கேட்காது. தளர்ந்திருக்கும்போது வடம் பனிக்குள் புதைந்து கிடக்கும். வண்டி இழுத்ததும் பனியைக் கிழித்துக்கொண்டு எழும்பும், பக்கவாட்டில் வீசும். ஐரோப்பாவில் இரவில் இந்த வடத்தில் மோதி இறந்தவர்கள் உண்டு.

எனக்கு முன்னால் பத்து மீட்டர் இருக்கும். பனியில் ஒரு கோடு பிளந்தது. ஒரு ஹூம் சத்தம். என் தலைவிளக்கு வெளிச்சத்தில் பனித்தூள் திரை மாதிரி மேலெழுந்தது. அதற்கு நடுவில் என் இடுப்பு உயரத்தில் வடம் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் மேட்டுக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் வந்து நின்றது. ஓட்டுநர் என் விளக்கைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கத்தவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு. ராத்திரி பதினோரு மணியிலிருந்து இந்தச் சரிவில் இருக்கிறேன், உங்களை என்னால் பார்க்க முடியாது, மூடல் என்று போர்டு வைத்தால் கீழே யாரும் இல்லை என்று நம்பித்தான் வடத்தை இழுக்கிறேன் என்றார். இருட்டு கலைகிறவரை வண்டிக்குள் உட்கார வைத்து, தன் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபியும் கொடுத்தார்.

மூடல் என்றால் மூடல். அதற்கு மேல் பேச்சே கிடையாது. அந்தப் பலகை என்னைத் தடுக்க வைத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அவருக்கான உத்தரவாதமும்கூட. நான் அதைத் தாண்டியபோது அவரைக் கொலைகாரர் ஆக்கியிருப்பேன். வடம் அடித்திருந்தால் நான் போயிருப்பேன், அவர் மிச்சக் காலமெல்லாம் அதோடு இருந்திருக்க வேண்டும்.

அதே நேரம், எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்கிற மலைகளோடும் எனக்கு உடன்பாடில்லை. லிஃப்ட் ஓடாத நேரத்தில் மட்டும் ஏறலாம் என்பது பரவலான ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லிஃப்ட் ஓடாத நேரம்தான் வண்டியும் வடமும் பனி தயாரிக்கிற குழாயும் சரிவில் இருக்கிற நேரம். சறுக்கி வருகிறவரிடமிருந்து காப்பாற்றி வடத்திடம் அனுப்புகிற மாதிரி ஆகிவிடுகிறது. இருட்டில், எழுபது வயதுக்காரர் எப்படி ஏறுவார்? பகலிலும் ஒரு ஓரப் பாதையைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கொலராடோவின் ஆஸ்பென் ஊரில் இரண்டு விதமும் இருக்கிறது. ஆஸ்பென் மவுண்டனில் பகலில் லிஃப்ட் ஓடும்போது ஏற முடியாது, அதே கம்பெனியின் பட்டர்மில்க் மலையில் குறித்த பாதையில் பகலிலும் ஏறலாம். பட்டர்மில்க்கில் காலைப் பத்து மணிக்குத் தாத்தா பாட்டிகள் பேசிக்கொண்டே ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே குழந்தைகள் சறுக்கிக்கொண்டு போவார்கள்.

2021-இல் ஆஸ்பென் கம்பெனி நடக்கிறவர்களுக்கும் பருவம் முழுக்க 69 டாலர் என்று கட்டணம் வைத்தது. எங்கள் கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு. காலால் ஏறுவதற்குக் காசா என்று நானும் கொதித்தேன். அந்த நேரத்தில் ஒருநாள் போனில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் பனியை டிவியில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

“மலை யாருது?” என்றார்.

“கவர்மெண்ட்டுதுப்பா.”

“பனிய யாரு சமன் பண்றா?”

“கம்பெனி.”

“வெடி வச்சுப் பாக்குறது?”

“அதுவும் கம்பெனி ஆளுங்கதான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: “ஆத்துத் தண்ணி கூட கவர்மெண்ட்டுதுதான் தம்பி. வாய்க்கா வெட்டுன்னா வீட்டுக்கு ஒரு ஆளு போவோம்ல. போகாதவன் கூலிய குடுத்துருவான். தண்ணிக்கா குடுக்குறோம்? வாய்க்காலுக்குல்ல குடுக்குறோம்.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொகை கூடிக்கொண்டே போய் லிஃப்ட் டிக்கெட் அளவுக்கு வந்தால் அன்றைக்கு மறுபடி சண்டை போடலாம். கடைமடைக்காரர்களுக்கு முறை பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்த வருடங்களில் காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத்தான் விடுகிறார்கள். முறை வைப்பதில் எங்களுக்குக் கோபம் வந்ததே இல்லை. எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொல்லாமல் மாற்றும்போதுதான் வரும். பனிமலையிலும் அதே கதை. எந்தப் பாதை, எத்தனை மணிவரை, இன்றைக்கு வடம் எந்தச் சரிவில் என்று முந்தின நாளே தெளிவாகச் சொல்கிற மலைகளில் நடக்கிறவர்கள் அடங்கி நடக்கிறார்கள். மாதத்துக்கொரு விதி மாற்றுகிற மலைகளில்தான் மூடல் பலகையைச் சுற்றிக்கொண்டு போகிற ஆட்கள் அதிகம்.

ரோட்டுக்கு வருகிறேன். நெல் காயப் போட்டால் வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வைப்பது, பனங்கட்டையைப் போடுவது இங்கே வழக்கம். பகலில் பரவாயில்லை. இரண்டாம் நாள் ராத்திரி எட்டு மணி வாக்கில் பைக்கில் வந்த ஒருவர் கல்லைப் பார்க்காமல் சாய்ந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி, மடியில் குழந்தை. நெல் மேலேயே விழுந்ததால் முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அப்பா ஓடிப் போய்த் தூக்கினார். அந்த ஆள் திட்டவே இல்லை. “உங்க கஷ்டம் தெரியுதுங்கய்யா, ஒரு வெளிச்சமாவது வச்சிருக்கலாம்ல” என்றார்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கல்லையெல்லாம் பொறுக்கி வாய்க்கால் பக்கம் போட்டார். மறுநாளிலிருந்து பொழுது சாய்வதற்குள் நெல்லைத் தள்ளிக் கூட்டி, ரோட்டை விட்டு இறக்கிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். இரட்டை வேலை. காலையில் மறுபடி பரப்ப வேண்டும். பகலில் கல்லுக்குப் பதில் சிவப்புத் துணி கட்டின குச்சிகளை மண் நிரப்பின வாளியில் நட்டு வைத்தோம்.

குவியலின் ஓரம் தார் விளிம்பிலிருந்து ஒரு முழம்தான் தள்ளி இருந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறி, டென்வரிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தேன். ஸ்கின் இரண்டும் பசையோடு பசை ஒட்டிச் சுருண்டு கிடந்தன. அதற்கடியில் தலைவிளக்கு இருந்தது. புது பேட்டரி போட்டதும் எரிந்தது. பின்பக்கம் சிவப்பாக மின்னுகிற சின்ன விளக்கும் அதில் உண்டு. பட்டையைத் தளர்த்திப் பனங்கட்டையில் மாட்டி, கட்டையைக் குவியலுக்கு முன்னால் நிறுத்தினேன்.

கடைசி பஸ் பத்தே காலுக்கு வந்தது. தூரத்திலேயே வேகம் குறைத்து, வலப்பக்கம் ஒதுங்கிப் போனது. அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “விடியிறவரைக்கும் எரியுமா தம்பி?” என்று கேட்டார்.

எரியும் என்றேன்.